ரசமட்டம்

மாத்தூர்த் தொட்டிப் பாலத்துக்குக்
கல்லூரியில் கூட்டிப்போன அன்று
எல்லாரும் தூண்களை வரைந்தார்கள்.
எனக்கு உயரம் ஆகாது.
கீழே பறளியாறு என்று யாரோ சொன்னதுமே
முழங்கால் கழன்றது.
கைப்பிடியை இறுக்கிக்கொண்டு
கண்ணை மட்டும் பக்கத்துத் தொட்டிக்குள் போட்டேன்.
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது
அவசரமில்லாமல்,
ஒரு குன்று சொன்னதை
மறு குன்றிடம் சொல்லப்போகிற மாதிரி.
பாலமோ நேராகத்தான் கிடந்தது.
சரிவு எங்கே, சரிவு எங்கே என்று தேடியபடி
அக்கரைக்கே வந்துவிட்டேன்.
நோட்டில் அன்று ஒரே ஒரு கோடு.
“இதென்ன, வெறும் கோடு?”
பத்துக்கு மூன்று.

பிறகு மார்த்தாண்டத்தில்
வளைகுடா வீடுகளுக்கு ரோமானியத் தூண்கள் வரைந்தேன்,
வாசலுக்கு நாலு, மாடிக்கு ரெண்டு.
எதையும் தாங்காத தூண்கள்.
ஒன்றுக்குள் மழைக்குழாய் விட்டேன்,
அதற்காவது ஒரு வேலை இருக்கட்டும் என்று.

குளச்சல் மீன்சந்தைக்கு வரைபடம் கேட்டபோது
முகப்பில் சிப்பி வேண்டும் என்றார் ஒருவர்,
கப்பல் வேண்டும் என்றார் இன்னொருவர்.
நான் விடிகாலை ஐந்து மணிக்குப் போய்க்
கால்களைப் பார்த்தேன்.

ஐஸ் உருகின தண்ணீர்,
சாளைச் செதிள், கணவாய் மை,
அதில் கணுக்கால் முங்க
ஞானரூபி, சேசம்மா, பனியம்மா.
திங்கள்நகர் பஸ் வருமுன்னே
விரலிடுக்கைச் சேலை நுனியால் ஒற்றிக்கொள்வார்கள்.
பனியம்மாவுக்கு அங்கே தோல்
வெள்ளையாய்ப் பிரிந்திருந்தது.
“போட்டோ எடுக்காத மக்களே,
காலு கொள்ளாது.”

நூற்றுக்கு ஒன்று என்று எழுதினேன்.
நூறடி போனால் ஓரடி இறங்கும்.
நடக்கிறவளுக்குத் தெரியாது,
தண்ணீருக்குத் தெரியும்.

தாசய்யன் கொத்தனார் வரைபடத்தை
என் உதவியாளன் ரெஜினிடம் நீட்டி
“சார், இது தப்பா கெடக்கு” என்றார்.
ரெஜின் என்னைப் பார்த்தான்.
அவர் ரசமட்டத்தைப் பார்த்தார்.
குமிழி நடுவில் நிற்காத தரையை
முப்பது வருஷத்தில் போட்டதில்லையாம்,
ஊரில் சிரிப்பார்களாம்.
மட்டம் பார்க்கிற கையே
மட்டம் தட்டவும் பழகின தொழில் இது.
பேசவில்லை.
ஒரு குடம் தண்ணீர் வாங்கி
முந்தாநாள் அவர் போட்ட தரையில் கவிழ்த்தேன்.
எங்கேயும் போகாமல்
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு கிடந்தது அது.
டீ வந்தது. குடித்தோம்.
தண்ணீர் அப்படியே.
“செரி, ஒடச்சிருவோம்” என்றார்,
என்னிடம்.

திறப்பு விழாவில் முகப்பைப் புகழ்ந்தார்கள்.
(சிப்பியைத் தவிர்க்க முடியவில்லை.)
மைக்கைக் கொடுத்து
உங்களுக்குத் தூண்டுதல் எது மேடம் என்றார்கள்.
பயம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
மாத்தூர்ப் பாலம் என்றேன்.
கைதட்டினார்கள்,
தூண்களை நினைத்துக்கொண்டு.

மறுநாள் ஐந்து மணி.
பனியம்மா பெட்டியைச் சாய்த்தாள்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பியது.
அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை,
அயலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள்.
நான்தான் ஓடைவரைக்கும்
அதோடு நடந்துபோனேன்.

வடகிழக்கு மூலையில் மட்டும்
ஒரு கையகலம் தேங்குகிறது.
தாசய்யன் தப்பா, என் தப்பா,
ரெண்டு பேருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.
எப்போது போனாலும்
முதலில் அந்த மூலைக்குத்தான் போகிறேன்.
காது கிழிந்த பூனையொன்று
முன்காலை மடக்கிக்கொண்டு
அதில் நக்கிக்குடிக்கும்.
விரட்டுவதா வேண்டாமா என்று நின்றுவிட்டு
வந்துவிடுவேன்.